தாய்மாமனுக்கு இமெயில் இல்லை

எனக்குத் திட்டம் போடுகிற வியாதி உண்டு. மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆனால் எழுதுவதைவிட, எழுதப்போவதைப் பற்றி யோசிப்பதில்தான் எனக்கு ருசி அதிகம். (கடையில் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ் சொல்வதற்கே கால் மணி நேரம் யோசிக்கிற ஆள்.)

தங்கையின் கல்யாண மதிய விருந்து மலேசியாவில், சிகாமட் ஊரில் ஒரு மண்டபத்தில். யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று காட்ட ஒரு செயலி செய்து தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். காரணம், தங்கையின் தோழி ரேவதி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வாசல் வரவேற்பு அவள் பொறுப்பு. அன்றைக்கு அவளிடம் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்கும் தனியாக ஒரு திட்டம் இருந்தது.

"பேரத் தட்டினா மேசை நம்பர் வரணும். ஒரு பேஜ் போதும்லா," என்றாள் ரேவதி.

ஒரு பக்கத்தோடு நிறுத்துகிறவனா நான்? ஜொகூர் பாருவில் (எங்கள் வாயில் ஜேபி) என் வாடகை அறையின் சுவர் முழுக்கக் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து ஒட்டினேன். விருந்தாளி கடவுச்சொல்லை மறந்தால் என்ன செய்வது, மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு மேசை மாறினால் என்ன செய்வது, ஆற்றில் வெள்ளம் வந்து பாதிப் பேர் வராமல் போனால் மேசைகளை எப்படிச் சேர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தேன். கல்யாணம் நெருங்கியபோது எழுதி முடிந்திருந்தது, பெயரைப் பதிவு செய்யும் பக்கம் மட்டும்தான்.

விருந்தன்று வாசலில் டேப்லெட்டோடு நின்றேன். முதலில் வந்தவர் பாலோ ஊரிலிருந்து வந்த மாமா, அம்மாவின் அண்ணன். திரை அவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டது.

"இமெயில்லாம் எனக்கு இல்லப்பா. நான் உன் தாய்மாமன். அது பத்தாதா?"

பத்தவில்லை. என் செயலியில் தாய்மாமனுக்கு இடமே வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை கார் நிறுத்துமிடம் வரை நீண்டது. உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ரேவதி டேப்லெட்டை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "பாலோகாரங்க எல்லாம் மேடைப் பக்கம் உக்காருங்க. ஜேபிகாரங்க கதவுப் பக்கம். மாப்பிள்ளை வீடு நடுவுல," என்று வகுப்பறைக் குரலில் சொன்னாள். மூன்றே வரியில் ஒரு நிரல். தடங்கலே இல்லாமல் ஓடியது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அந்த நேரத்திலும் அவள் மேல் ஆசை கூடியதுதான் கொடுமை.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவளோடு கார் வரை நடந்தேன். கதவைத் திறந்தவள் உள்ளே ஏறவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஏதோ சொல்லணும் போல இருக்கீங்க."

என் திட்டத்தில் பேச்சைத் தொடங்குவது நான். அவள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

"கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்றேன்," என்றேன். (ஆமாம், அதைத்தான் சொன்னேன்.)

"சரி, யோசிங்க," என்று சிரித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காரை எடுத்தாள். நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் கல்யாணமாகி, கடல் தாண்டிக் கூச்சிங்குக்குப் போய்விட்டாள்.

இன்றைக்கும் நான் பாலோவுக்குப் போனால் மாமா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். "இமெயில் இருக்கா? இல்லாட்டி உள்ள விட முடியாதுலா." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர்களுக்குத் தெரிந்த கதை மண்டப வாசலோடு முடிந்துவிடுகிறது. சிகாமட் வழியாக வரும்போதெல்லாம் அந்த மண்டபத்தின் முன்னால் வண்டியை மெதுவாக்குகிறேன். அவள் கேட்டதற்கு இப்போது என்னிடம் ஒரே வரியில் பதில் இருக்கிறது.