தூக்குக்குண்டோடு சம்பந்தம் பேசப் போனவர்

கொல்கத்தாவில் எந்தச் சுவரையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் தூக்குக்குண்டு அண்ணாச்சிதான். சால்ட் லேக்கில் எனக்கு மாடி வீட்டுக்காரர்; திருநெல்வேலிக்காரர். கட்டட இன்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், சுவர் நேரா என்று பார்க்கக் கொத்தனார்கள் கயிற்றில் தொங்கவிடும் அந்தக் குண்டு மட்டும் அவர் பேண்ட் பையிலிருந்து ஓய்வு பெறவில்லை. பூஜைப் பந்தலுக்குப் போனால் துர்க்கையைக் கும்பிடுமுன் மூங்கிலை ஆட்டிப் பார்ப்பார். சுவரில் சாய்ந்து நின்றதே கிடையாது.

"நாம சாயலாம் வே. அது சாஞ்சா?" என்பார்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் செல்வி, தன் ஆபீஸில் வேலை பார்க்கும் பிரவீணைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். டார்ஜிலிங் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன். கல்யாணம் அவன் கிராமத்து மலையுச்சியில் இருக்கும் பழைய மாதா கோயிலில். அண்ணாச்சி மதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"பழசுன்னா எவ்வளவு பழசு? அஸ்திவாரம் எப்படி?"

"அப்பா, நீங்க பையனப் பாக்கப் போறீங்களா, பில்டிங்கப் பாக்கப் போறீங்களா?"

"ரெண்டும் நிக்கணும்லா!"

சம்பந்தம் பேச மற்றவர்கள் வெற்றிலை பாக்கு எடுத்துப் போவார்கள். அண்ணாச்சி குண்டை எடுத்துக்கொண்டார். துணைக்கு என்னையும் செல்வியையும்.

மலையுச்சிக் கோயிலுக்குக் கருங்கல் சுவர், தகரக் கூரை, ஒற்றை மணிக்கூண்டு. பிரவீணின் அப்பா தேநீரோடு காத்து நிற்க, இவர் கயிற்றைத் தொங்கவிட்டார். வடக்குச் சுவர் நாலு விரல் வெளியே தள்ளியிருந்தது.

"பாத்தீரா வே! நான் அப்பமே நெனச்சேன்." முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "மணிக்கூண்டுக் கல்லு வேற நெறம். என்னமோ மறைக்கானுவ."

செல்வியின் முகம் செத்துப்போனது.

பிரவீணின் அப்பா எதையும் மறைக்கவில்லை. நிலநடுக்கத்தில் மணிக்கூண்டு விழுந்ததாம். ஊரே கீழே ஓடையிலிருந்து கல் சுமந்து திரும்பக் கட்டியதாம். வடக்குச் சுவரை இடிக்க மனசு வராமல் வெளியே முட்டுச்சுவர் கொடுத்தார்களாம். "எங்க வீடுகளும் விழுந்துதான் கிடந்தது. அதையெல்லாம் அப்புறம்தான் பார்த்தோம்" என்றார் இந்தியில்.

அண்ணாச்சி முட்டுச்சுவரைத் தட்டினார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். செல்வி துப்பட்டா நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"சுவரு கோணல்தான் வே. ஆனா சாஞ்சதையும் விட்டுக்குடுக்காத ஆளுக" என்றவர், குண்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஆறிப்போன தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கல்யாணத்தன்று மோதிரம் மாற்றும் நேரம், மகளைக் கைபிடித்துக் கொண்டுவந்து விட்ட மனிதரைக் காணோம். தேடினால், கடைசி பெஞ்சுக்குப் பின்னால், அதே கோணல் சுவரில் முதுகை முழுசாகச் சாய்த்துக்கொண்டு, துண்டால் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருக்கிறார்.

நானும் போய் அவர் பக்கத்தில் சாய்ந்துகொண்டேன்.