தேட் பேஸ் அண்ணை எறிந்த பந்து

கனடாவின் ஸ்காபரோத் தமிழர் எல்லோரும் விளையாட்டுப் பார்க்கக் காசு கொடுத்தவர்கள். விளையாடுவதற்குக் காசு வாங்கிய ஒரே ஆள் எங்கள் தேட் பேஸ் அண்ணைதான். நாள், கிழமை விசாரிக்காமல் எதையும் எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. இதையும் விசாரித்துவிட்டேன். மறுப்பவர் இதுவரை வரவில்லை.

பேஸ்போலில் தேட் பேஸ்காரர், அதாவது மூன்றாம் தளத்துக்காரர், அடிப்பவருக்கு இடப்பக்கம் நிற்பார். தரையோடு சீறிவரும் பந்தைப் பிடித்து, மைதானத்தைக் குறுக்கறுத்து, வலப்பக்க மூலையில் முதல் தளமான ஃபெஸ்ட் பேஸில் நிற்பவரிடம் எறிவார். அண்ணை வாலிபம் முழுவதும் அமெரிக்கச் சிற்றூர்களில் இந்த ஒன்றைத்தான் செய்தார். பெரிய அணி கூப்பிடவில்லை. முழங்கால் போனது. ஸ்காபரோவிலுள்ள மல்வேர்னுக்குத் திரும்பிவந்து இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார்.

ஆட்டம் அவரை விட்டாலும் அவர் ஆட்டத்தை விடவில்லை. மைதானத்து வெள்ளைக் கோட்டை மிதித்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது பேஸ்போல்காரர் நம்பிக்கை. அண்ணை அதைக் கார் தரிப்பிடத்திலும் கடைப்பிடிப்பார். மரக்கறிப் பைகளோடு அவர் கோடு கோடாகத் தாண்டி வந்து சேர்வதற்குள் கீரை வாடிவிடும். கலியாண வீடுகளில் மனைவிக்குப் பேஸ்போல் பயிற்சியாளர்மாதிரிச் சைகை காட்டுவார்: மூக்கு, காது, பிறகு இல்லாத தொப்பியின் விளிம்பு. 'வெளிக்கிடுவம், வீட்டை போவம்' என்று அர்த்தம். மனைவியோ இன்னொரு வடையோடு வருவார்.

அவருடைய தொழில் கடைசிவரை விளங்காதவர் அவருடைய தகப்பனார். அந்தக் காலத்தில் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடியவர், மகனின் ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை.

"உவன் அமெரிக்காவிலை என்ன செய்தவன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது தம்பி" என்பார்.

"ஒருக்கா நீங்கள் பாக்கவேணும் ஐயா" என்பார் அண்ணை. பகிடி விடுகிற மனிதர், இதை மட்டும் பகிடியாகச் சொல்லமாட்டார்.

அதற்காகத்தான் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடை ஒன்றுகூடலுக்கு ஐயாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார். ஓகஸ்ட் நீள் வார இறுதி, ஞாயிற்றுக்கிழமை. ஐயாவைக் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் இருத்திவிட்டு, ஆட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தார்.

"அண்ணை, இது கிரிக்கெட்" என்றார் கப்டன்.

"தெரியும். என்னை அடிக்கிற ஆளின்ரை இடப்பக்கம் விடு."

ஆட்டம் கடைசிப் பந்துக்கு வந்தது. எதிரணிக்கு இரண்டு ஓட்டம் தேவை. பந்து அண்ணையிடம் சீறிக்கொண்டு போனது. அந்த முழங்காலோடு பாய்ந்து, ஒற்றைக் கையால் அள்ளினார். ஓடியவர்கள் இன்னும் நடுவழியில்.

"விக்கெட்டுக்கு எறியுங்கோ! விக்கெட்டுக்கு!"

அண்ணை எறிந்தார். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பந்து மைதானத்தைக் குறுக்கறுத்து, ஃபெஸ்ட் பேஸ் இருந்திருக்கவேண்டிய இடத்துக்குக் கோடு கீறினமாதிரிப் போனது. அங்கே ஈ காக்கை இல்லை. அப்படியே எல்லையைத் தாண்டிக் கூழ்ப் பானைக்குள் விழுந்தது. தோற்றோம்.

கப்டன் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். "ஆருக்கு அண்ணை எறிஞ்சனீங்கள்?"

அண்ணை ஐயாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐயா கன்னத்தில் தெறித்த கூழைத் துடைத்தார். "என்ன நேர் எறியடா அது!" என்றார். பிறகு கப்டன் பக்கம் திரும்பி அதட்டினார்: "அங்கை ஒரு ஆளை நிப்பாட்டாதது ஆற்றை பிழை?"

அண்ணை தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த இடத்தில் ஆள் நிறுத்துவதால் கிரிக்கெட்டில் ஒரு பயனுமில்லை என்று கப்டன் எனக்கு இரண்டு முறை விளக்கினார். சரியாகத்தான் இருக்கும். அடுத்த கோடையிலிருந்து நான் அங்கேதான் நிற்கிறேன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.