துப்பாக்கி தொடாதவர் படம்

நான் பார்க்காத படத்தைப் பற்றி, பார்த்தவர்களைவிட நன்றாகப் பேசுவேன். அவர்களுக்கு உண்மை குறுக்கே வந்துவிடும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்போது ஓமலூர்ப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் நான் மறைக்கல்வி டீச்சர். தவக்காலத்து ஞாயிறு மதியம் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடலாம் என்று ஃபாதரிடம் சொன்னது நான்தான். துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்று மருந்துப் பையோடு மட்டும் போர்க்களத்துக்குப் போகும் ஒரு சிப்பாயின் கதை. சண்டை கிண்டை இருக்குமா என்று ஃபாதர் கேட்டார். "அவரு துப்பாக்கியே தொட மாட்டாருங்க ஃபாதர்" என்றேன். (அவர் தொட மாட்டார், சரி. மீதி ஆயிரம் பேர் தொடுவார்களே என்று எனக்கு உறைக்கவில்லை. நெட்டில் நாலு வரி படித்ததோடு சரி.)

அதோடு விட்டேனா? செல்வி அக்காவை வீட்டுக்கே போய் அழைத்தேன். அவருடைய ஒரே மகன் ராணுவத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிற வேலையில் எல்லையில் இருந்தான். உங்கள் பையன் வேலையைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள், பார்த்தால் பெருமையாக இருக்கும் என்றேன். அக்கா திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் காதல், அம்மா, ரயில் என்று படம் சாதுவாகத்தான் போனது. நான் ஃபாதரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினேன். பிறகு முதல் குண்டு விழுந்தது. கவிச்சி தொடாமல் விரதம் இருந்த ஜனத்துக்கு நான் காட்டியதைச் சொல்லவே கூசுகிறது. கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். சின்னதுகள் அழ, பெரியதுகள் விசிலடிக்க, நான் ஓடினேன். பதற்றத்தில் லேப்டாப்பில் எதை அமுக்குவது என்று தெரியாமல் முந்தானையால் புரொஜெக்டரை மறைத்தேன். போர் என் சேலையில் நடந்தது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். மருந்துப் பைக்காரர் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, அவருக்குப் பின்னால் ஏதோ வெடித்த நேரம் பார்த்துப் பிடுங்கினேன்.

எல்லோரும் போன பிறகும் செல்வி அக்கா எழவில்லை. மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன்.

"அந்தப் பையன் ஊடு வந்து சேந்தானா சாமி?"

எனக்கு எப்படித் தெரியும்? முடிவைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "வந்துட்டாருங்க்கா" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அது போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்குப் போனதும் மீதிப் படத்தை விரலிடுக்கில் பார்த்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு ஜெபம். "எடுத்து முடிச்ச படத்துக்கு ஜெபம் பண்ணி என்னாகப் போவுது?" என்றார் வீட்டுக்காரர். கடைசியில் மருந்துப் பைக்காரர் சொந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கினார். நான் ஓவென்று அழுதேன்.

இன்றைக்கும் நான் எதையாவது நல்லாயிருக்கும் என்று சொன்னால், அது பிரியாணிக் கடையானாலும், "கடைசி வரைக்கும் பாத்தியா?" என்றுதான் எங்கள் வீட்டில் கேட்பார்கள்.

போன மாதம் செல்வி அக்கா மகன் லீவில் வந்திருந்தான். கோயில் வாசலில் அக்கா என்னைக் காட்டி, "நீ வந்துருவேன்னு அன்னைக்கே சொன்னது இந்த டீச்சர்தான்" என்றார். அவன் கைகூப்பினான். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.