தக்கையின் மனநிலை

அளப்பவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. தையற்காரரையும் நில அளவையாளரையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் அளந்த பிறகு ஒரு தடவை கண்ணாலும் பார்த்துக்கொள்கிற நல்லவர்கள். இவர்கள் வேறு. உச்சி வெயிலில் நிற்கும்போதும் வெப்பமானியைக் கேட்டுவிட்டுத்தான் வியர்ப்பார்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் ஓர் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். கழுத்தில் நிறுத்துக்கடிகாரம் தொங்குவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் விநாடியார். எலிகளின் மனச்சோர்வை அளப்பது அவர் தொழில். அதற்கு அவரிடம் என்னதான் இல்லை? சுண்டெலியின் வாலில் நாடா ஒட்டித் தலைகீழாகத் தொங்கவிடும் பெட்டி. சர்க்கரைத் தண்ணீர் ஒரு புட்டி, வெறும் தண்ணீர் ஒரு புட்டி என்று வைத்து, இனிப்பை நாடாத எலிக்கு வாழ்க்கையே கசந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் கூண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முழங்கை உயரக் கண்ணாடிக் குடுவை, அதில் முக்கால்வாசி தண்ணீர், அதை வெறித்துப் பார்க்கும் ஒரு கேமரா. எலியை ஆறு நிமிடம் தண்ணீரில் விடுவார்கள். கைகால் அடித்தால் நம்பிக்கையுள்ள எலி. சும்மா மிதந்தால் மனம் உடைந்த எலி. எத்தனை விநாடி அடித்தது, எத்தனை விநாடி உடைந்தது என்பதைக் கேமராவோடு இணைந்த கணினி சொல்லிவிடும்.

"எலியப் பாக்காதம்மா, திரையப் பாரு. கண்ணால பாத்தா இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா எண்ணு கெட்டுடும்" என்பது அவர் வேதவாக்கு.

அதை ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் அவருடைய ஆய்வு மாணவி. வீட்டில் முதல் பட்டதாரி. விநாடியார் கண்டுபிடித்த மருந்து எலிகளின் சோர்வைப் போக்குகிறது என்று ஆய்வேடு எழுதி முடித்தாயிற்று. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மாதம் முடிவதற்குள் அது கிடைத்தால் ஒரு கல்லூரியில் வேலை காத்திருக்கிறது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "எலி சந்தோஷமா இருந்தா உனக்கு எதுக்குடி பட்டம் குடுக்கறாங்க?" என்று கேட்டாள் அம்மா. சிரித்து வைத்தாள்.

வினை கூண்டு கழுவும் அக்கா வாயிலிருந்து வந்தது. ஒரு மதியம் குடுவைக்குள் எட்டிப் பார்த்த அக்கா, "எது பாப்பா நீச்சலடிக்குது? அது பாட்டுக்கு மிதக்குது, லீவு நாள்ல எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள்.

மாணவி திரையைப் பார்த்தாள்: கடும் போராட்டம். எலியைப் பார்த்தாள்: முழு ஓய்வு. மேலே பார்த்தாள். புதிதாகப் பொருத்திய ஏ.சி. குடுவைக்கு நேராகக் காற்றை வீச, தண்ணீரில் சிற்றலை; அலையில் எலி ஆட, அந்த ஆட்டத்தையெல்லாம் நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தது கணினி. மருந்து கொடுத்த எலிகள் எல்லாம் மதியம், விநாடியார் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்காரும் நேரத்தில் நீந்தியவை. மருந்து கொடுக்காதவை காலையில், ஏ.சி. இல்லாமல். நல்ல எண் வந்த அன்று தானும்தானே ஏன் என்று கேட்கவில்லை? வாயை மூடிக்கொண்டால் வேலை நிச்சயம். இரண்டு நாள் மூடித்தான் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு புட்டியின் தக்கையைக் குடுவையில் போட்டு, ஆறு நிமிடம் அளந்து, கணினி அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

விநாடியார் முகம் மலர்ந்தது. "அபாரம்! சோர்வே இல்ல. இது எந்த எலி?"

"எலி இல்ல சார். தக்கை."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். "மருந்து குடுத்ததா, குடுக்காததா?"

"சார், ஏ.சி. காத்துல தண்ணி ஆடுது. அதைத்தான் கணினி எண்ணுது."

"கருவி பொய் சொல்லாதும்மா. தக்கை விதிவிலக்கு. கணக்குலேர்ந்து எடுத்துடு, நான் கையெழுத்துப் போட்டுடறேன்." பேனாவைத் திறந்துவிட்டார்.

அவள் கண் பேனா முனையிலேயே நின்றது. பிறகு, அவளுக்கே கேட்காத குரலில், "ஒரு வாரம் குடுங்க சார், ஏ.சி. இல்லாம திரும்பப் பண்ணிடறேன்" என்றாள்.

பண்ணினாள். இரண்டு கூட்டத்து எலிகளும் ஒரே மாதிரி மிதந்தன. மருந்தால் துளி வித்தியாசமும் இல்லை. புதிய தாளை விநாடியார் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். "பாத்தியா? கருவி கெட்டுப்போச்சு!" என்றார். அதுவரை சத்தியவாக்காக இருந்த கருவி, பிடிக்காத எண்ணைச் சொன்ன நிமிடத்தில் பழுதாகிவிட்டது. பழுது பார்க்க ஆள் வரும்வரை கையெழுத்து இல்லை. மாதம் முடிந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. பழுது பார்க்க வந்தவரோ ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விநாடியார் இப்போது அந்த ஆளை அளந்துகொண்டிருக்கிறார்; அவள் முதல் எலியிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இன்று காலை எடை பார்க்கும் கருவியில் ஏறி, முகம் சுளித்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, அப்போதும் மனம் ஒப்பாமல், தரைதான் கோணல் என்று அதை அடுத்த அறைக்கு நகர்த்திக்கொண்டு போனது யார்?