மாமனாருக்காகக் கேட்ட மரம்

"ஒரே ஒரு நாற்காலிக்குங்களா?" என்று மரக்கடைக்காரர் இன்னொரு தடவை கேட்டார்.

ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் என்றான் குமரகுரு. இழைக்காத, பாலிஷ் போடாத நாட்டு மரம் வேண்டும். வாகையோ வேம்போ புளியோ, வைரம் பாய்ந்ததாக இருந்தால் போதும். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கதவுக்கும் ஜன்னலுக்கும் அறுத்து வைத்த வெளிநாட்டுத் தேக்கு இருக்கிறது, பிளைவுட் இருக்கிறது, வாகையெல்லாம் செங்கல் சூளைக்குப் போகிற சரக்கு, அதைப் போய்க் கடையில் கேட்கிறீர்களே என்றார். எடப்பாடியில் அவன் ஏறி இறங்காமல் பாக்கி இருந்த கடைசி மரக்கடை அது.

குமரகுருவுக்குத் தச்சு வேலை தொழில் இல்லை. துண்டுக்கும் போர்வைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதுதான் தொழில். மர வேலை, செல்போனில் வீடியோ பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆசை. ஆசையோடு விட்டிருந்தால் கதையே இல்லை. போன பொங்கலுக்கு மாமனார் ரங்கன் வீட்டுக்கு வந்தபோது, தன் கையால் செய்த பிளைவுட் ஸ்டூலை முன்னால் வைத்து, "உக்காருங்க மாமா" என்றான். அவர் உட்கார்ந்தார். ஸ்டூலும் கூடவே உட்கார்ந்தது.

சொந்தபந்தம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ரங்கன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் மகள் வீட்டுப் பக்கமே அவர் வரவில்லை.

மாமனாரை மனதார மெச்சுகிற மருமகன்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். குமரகுரு அவர்களில் ஒருவன். ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒண்டி ஆளாகத் தோட்டம் பார்க்கிற மனிதர். வாய்க்கால் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவரிடம்தான் வந்து நிற்கும். அவர் வாயிலிருந்து வருவது நாலு வார்த்தை, அந்த நாலு வார்த்தையோடு தகராறு முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் தன் வீட்டில் வந்து விழுந்ததை அவனால் தாங்க முடியவில்லை. மலையே உட்கார்ந்தாலும் அசையாத நாற்காலி ஒன்று செய்து, அதில் அவரை உட்கார வைத்து, ஒரே ஒரு தடவை 'நல்லாருக்குது' என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் வேண்டுதல்.

மரக்கடை கைவிட்டதால் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் போனான். பழைய லாரியிலிருந்து கழற்றிய அடிப்பலகை ஒன்றைத் தந்தார்கள். இரும்பு மாதிரி மரம். உள்ளே நிஜமாகவே இரும்பு இருந்தது. ஒடிந்த ஆணி ஒன்று அவனுடைய புது ரம்பத்தைத் தின்றுவிட்டது. அந்த லாரி காலமெல்லாம் கோழி எரு ஏற்றிய லாரி என்பது, பலகையில் மழை ஈரம் பட்ட அன்றைக்குத் தெரிந்தது.

மனைவி நர்மதா மூக்கில் முந்தானையோடு வந்து நின்றாள். "ஏனுங்க, இனி ஒரு பலகை உள்ள வந்துச்சுன்னா நான் எங்கப்பன் தோட்டத்துக்குப் போயிருவேன்."

மனைவிக்குப் பதிலாகப் பலகைகளைத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவானது. மாட்டுக்கொட்டகை ஓரமாகப் போட்டுக்கொள்ளலாமா என்று நர்மதா போனில் கேட்டதற்கு, "போடட்டும்" என்றாராம் ரங்கன். அது சம்மதமா கோபமா என்று யோசித்துக் குமரகுரு ராத்திரி முழுக்கப் புரண்டான்.

அறுவை மில்லில் நல்லபடியாகவே பேசினார்கள். மரத்தை நீங்கள் கொண்டு வாருங்கள், எப்படி வேண்டுமோ அப்படி அறுத்துத் தருகிறோம் என்றார்கள். ஆக, பலகை தேடியவன் இப்போது முழு மரம் தேடவேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அண்ணாந்து பார்த்தபடி போனான். மேச்சேரிப் பக்கம் ஆட்டுப்பட்டியோரம் நின்று ஒரு வாகையை ரசித்துக்கொண்டிருந்தவனை ஆடு திருட வந்தவன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், வெட்ட வேண்டுமானால் பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்தப் பங்காளிகள் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றுகூட ஊரில் கிடையாது.

மாமனார் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து ராசம்மாளின் கிணற்று மேட்டில், பட்டுப்போன வாகை ஒன்று வெட்டிப்போட்டபடி கிடந்தது. பார்த்ததும் குமரகுருவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு அழகான மரம். எவ்வளவு கேட்டும் ராசம்மாள் மசியவில்லை. "அது கெடக்கட்டும் சாமி. அதுபாட்டுக்குக் கெடக்குது" என்று சொல்லிவிட்டார்.

நாய் கடித்த காலோடு கொட்டகையில் வந்து உட்கார்ந்தவனிடம் என்ன ஆயிற்று என்று ரங்கன் கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். யாருக்கு நாற்காலி என்பதையும் சொன்னான். அவர் அவன் காலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பைக்கில் போய்க் கேட்பதால்தான் யாரும் மதிக்கவில்லை என்று குமரகுரு தீர்மானித்தான். அடுத்த ஞாயிறு உள்ளூர் ஆண்டியின் குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்தான். நேரே ராசம்மாள் தோட்டம். ஆண்டி ஓட்டுநர் மட்டுமில்லை, நல்ல பேச்சுக்காரன். முதலில் தானே இறங்கிப்போய் ஏதோ பேசிவிட்டு வந்தான். பின்னாலேயே ராசம்மாள் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாமனாருக்காகத்தானுங்க கேக்கறேன்" என்றான் குமரகுரு.

"தெரியுஞ் சாமி. எடுத்துக்கிட்டுப் போ."

அவன் சட்டைப்பைக்குள் கை விட்டதும் ராசம்மாள் பதறி விலகினார். இதற்கெல்லாம் காசு வாங்குகிற குடும்பமா என்றார். ஆட்களைக் கூப்பிட்டு அவரே ஏற்றிவிடச் சொன்னார். வண்டி கிளம்பியபோது 'போயிட்டு வாங்க' என்றுகூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். நன்றி சொல்லக்கூட இடம் தராத பெருந்தன்மை என்று குமரகுரு நெகிழ்ந்துபோனான்.

அன்றைக்கு நடந்ததெல்லாம் அப்படித்தான். அடுத்த தோட்டத்தில் முழு மாமரம் தந்தார்கள். அதற்கடுத்ததில் புளி. எங்கேயும் ஆண்டி முன்னால் போவான், குமரகுரு பின்னால் போய் மாமனாருக்காக என்பான், மரம் வண்டியில் ஏறும். நாயை அவிழ்த்துவிட்டவர்கள்கூட வேலியோரம் வந்து கைகட்டி நின்றார்கள். ஒரு வீட்டில் சாணி எருவாட்டியும் வேண்டுமா என்று கேட்டார்கள். மரத்தைக் காய வைக்க உள்ளூரில் ஏதோ பக்குவம் இருக்கிறது போலும் என்று நினைத்து, இரண்டு மூட்டை வாங்கி வைத்துக்கொண்டான்.

ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வாழ்ந்த மனுசன். ஒரு கொறையில்லாமச் செய்யுங்க மாப்பிள்ளை."

கை வைக்கிற சட்டத்தில் பூவேலைகூடச் செய்வதாக இருக்கிறேன் என்றான் குமரகுரு. பெரியவர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டார்.

மத்தியானம் தோட்டத்தில் மரத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரங்கனின் தங்கை சௌந்திரம் தலைவிரி கோலமாக இறங்கினார். கையில் ஆளுயர மாலை. எங்கண்ணன் எங்கே என்று மாரில் அடித்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க. உள்ள படுத்திருக்காரு. இப்பத்தான் கண் அசந்தாரு" என்றான் குமரகுரு.

அவ்வளவுதான். சௌந்திரம் போட்ட சத்தத்தில் கொட்டகை மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்குள் பின்னால் மோட்டார் பைக்குகள், ஒரு வேன் நிறைய ஜனம், பந்தல்காரனின் இரும்பு நாற்காலிகள். ராசம்மாளும் வந்திருந்தார். குமரகுரு மாலைகளைப் பார்த்தான், எருவாட்டி மூட்டையைப் பார்த்தான், குவிந்து கிடந்த மரத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாமனாருக்காக, மாமனாருக்காக என்று வீடு வீடாகச் சொல்லி, ஒரு நல்ல மனிதரைத் தன் வாயாலேயே முடித்துவிட்டிருந்தான்.

உள்ளே போன் அடித்தது. யாரோ நர்மதாவிடம் துக்கம் கேட்க, அவள் அலறியடித்துக்கொண்டு அப்பாவையே கூப்பிட்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன் சாமி. வையி" என்ற குரல் எல்லாருக்கும் கேட்டது.

ரங்கன் வெளியே வந்தார். சௌந்திரம் மாலையை அண்ணன் மேல் விசிறியடித்துவிட்டு, அழுத அதே குரலில் திட்டத் தொடங்கினார். குமரகுரு மாமனார் காலில் விழுந்தான். எழுந்து கூட்டத்தைக் கும்பிட்டு நாற்காலிக் கதையைச் சொன்னான். அவரவர் மரத்தை இப்போதே திருப்பிக்கொண்டு வந்து இறக்கிவிடுகிறேன் என்றான்.

ராசம்மாள் நாலடி பின்னால் போனார். "சுடுகாட்டுக்குன்னு குடுத்ததை மறுபடியும் ஊட்டுக்குள்ள ஏத்துவாங்களா சாமி? நாங்க ஆரும் அதைத் தொடமாட்டோம்."

அதுதான் சரி என்று ஊரே சொன்னது. ரங்கன் மரக்குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாகையை விரலால் தட்டிப் பார்த்தார். வைரம் பாய்ந்திருக்கிறது என்று மரத்திடமே சொல்வதுபோலச் சொன்னார். வந்தவர்களுக்கெல்லாம் காபி வைக்கச் சொல்லிவிட்டு, மருமகன் இருக்கிற திசையைக்கூடப் பார்க்காமல் மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு குமரகுரு குட்டியானையின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றான். ஊரில் ஒருத்தருக்கும் கிடைக்காத மரம் கிடைத்துவிட்டது. உட்காருவதற்குத்தான் இனி ஆள் வரமாட்டார். ஸ்டூலில் விழுந்ததையாவது மறப்பார், உயிரோடு இருக்கும்போதே மாலை போட வைத்ததை மறப்பாரா, ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேனே என்று ஆண்டியிடம் புலம்பினான்.

ஆண்டி தார்ப்பாயை மடித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க எங்கீங்க மாப்பிள்ளை சொன்னீங்க? வெடியாலயே உங்க மாமனாருதான் எனக்குப் போன் போட்டு, 'எம் மாப்பிள்ளை மரத்துக்கு அலையறத என்னால பாக்க முடியல ஆண்டி, நான் செத்துட்டேன்னு எல்லாத் தோட்டத்துலயும் சொல்லிரு'ன்னாருங்க."