சுத்துக்கேணி ரக்பிச் சங்கம் பாயிண்டு எடுத்த படலம்

சங்கராபரணி பாயும் நாட்டின் தோள்வலியே, இடக்காது பாதி கிழிந்த ஏந்தலே, குனிந்தால் மலை, ஓடினால் புயல், ஓடி நின்றால் இரைப்பு என விளங்கும் பெருமகனே, சொல்தா அருள்சாமியே, நின் புகழ் பாடப் புகுகிறேன். என் நா பிறழாதிருக்கட்டும். கேட்போர் நடுவில் எழுந்து போகாதிருக்கட்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா எனும் சிப்பாயாக இளமை முழுதும் சேவித்து, பென்ஷனோடும் இருபுறமும் கூம்பிய ஒரு தோல்பந்தோடும் 1970ஆம் ஆண்டில் சுத்துக்கேணிக்குத் திரும்பிய அவ்வீரர், கரும்பு வெட்டிக் காய்த்த கரங்களையும் நெல்மூட்டை சுமந்து திரண்ட தோள்களையும் கண்டு, இவ்வூர் மாந்தர் ரக்பிக்கென்றே பிறந்தவர் எனத் தெளிந்து, சங்கம் ஒன்றை நிறுவினார். படைக்குப் பதினைவர் வேண்டும். சுத்துக்கேணி பதினொருவரை ஈந்தது. எஞ்சிய நால்வரைச் செல்லிப்பட்டு சைக்கிளில் அனுப்பியது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் ரக்பிச் சங்கம் இல்லாமையால், நான்காண்டுகள் அச்சங்கம் தோல்வி என்பதையே அறியவில்லை. வெற்றியையும் அறியவில்லை.

போர்க்களம் தையலம்மாளுடையது. கரும்பு வெட்டி ஓய்ந்த அந்நிலத்தை, சும்மா கிடப்பதுதானே என்று அவர் விட்டுவைத்திருந்தார். ஐந்தாம் ஆண்டில் ஆலைக்காரர்கள் கரும்புக்கு நல்ல விலை சொல்ல, வரப்போரம் நடவுக்கான கரும்புக் கரணைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. அருள்சாமி தூது சென்று, நிலம் போனால் சங்கமும் போகும் என்று முறையிட்டார். அம்மையார் வெற்றிலையை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு ஆணை பிறப்பித்தார்.

“நாலு வருஷமா உங்களுக்குள்ளயே முட்டிக்கினு கெடக்கிறீங்க. வெளியூர்க்காரன் மேல ஒரு பாயிண்டு எடுத்துக் காட்டுங்க, நெலம் உங்களுக்கு. இல்லன்னா திங்கக்கெழம ஏர் வுட்டுருவேன்.”

அவ்வேளை புதுச்சேரிக் கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அருள்சாமி நகரம் சென்று, அதன் மாலுமிகளைப் பிரெஞ்சு மொழியிலேயே போருக்கு அழைத்தார். கரையில் வேறு வேலையில்லாத அவர்கள் மகிழ்ந்து இசைந்தனர்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இரு சேனைகளும் எதிர்நின்றன. பனைகள் நடந்து வந்தாற்போன்ற மாலுமிகள், வாழைத்தோப்பில் புகுந்த யானைகளென நம் வீரரிடையே புகுந்தனர். புகுந்த வழியே வெளியேறினர். வெளியேறுந்தோறும் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் பாயிண்டு பெற்றனர். பெற்றதை எண்ணுவோர் எண்ணுவதை விட்டனர். வெயில் சாய்ந்தது. ஆட்டம் முடியச் சிறுபொழுதே இருந்தது.

அப்போதுதான், உதைபட்ட பந்து ஒரு கரும்புக்கட்டையில் மோதி, எவரும் எண்ணாத திசையில் துள்ளி, அருள்சாமியின் மார்பில் தஞ்சம் புகுந்தது. நாற்பத்தாறு வயதில் அவர் ஓடினார். ஓடிய அவரைக் கோட்டருகே மூவர் வீழ்த்தினர். மூவர்மேல் அறுவர் வீழ்ந்தனர். அறுவரைப் பிளக்க வந்தோரும் பின்னால் தள்ள வந்தோரும் வீழ்ந்து, புழுதியும் வியர்வையும் முழங்காலும் முழங்கையும் கலந்த ஒரு குன்று அங்கே எழுந்தது. குன்றின் அடியில் அருள்சாமி. அவர் இடுப்பில் தலை பதித்துத் தள்ளியவன், சங்கத்தின் தூணாகிய வண்டிக்காரன் பச்சையப்பன்.

“ஒண்ணும் தெரியலண்ணா. கோடு எங்க கீது?”

“சுண்ணாம்பு வாசன மூக்குல ஏறுது. கோடு இங்கதான். தள்ளுடா.”

பச்சையப்பன் தள்ளினான். சேற்றில் இறங்கிய வண்டியைத் தோள்கொடுத்துத் தூக்குவதுபோல் தள்ளினான். குன்று ஒரு சாண் நகர்ந்தது.

நடுவராயிருந்த கப்பல் மருத்துவர் ஊதலை வாயில் வைத்தார், ஊதவில்லை. பந்து தரையைத் தொட்டதா, தொட்டது கோட்டுக்கு அப்பாலா என்பதை அவர் காணவில்லை. தொடவில்லை என்றான் மாலுமிகளின் தலைவன். தொட்டது என்றது சுத்துக்கேணி. கண்ணால் கண்டவர் ஒருவரே. கோட்டின் ஓரத்திலேயே நின்றிருந்த தையலம்மாள்.

மருத்துவர் அவரைக் கேட்டார். கேள்வியைத் தமிழாக்க வல்லவர் குன்றின் அடியில் கிடந்த அருள்சாமி ஒருவரே ஆதலால், அங்கிருந்தபடியே தமிழாக்கினார்.

தையலம்மாள் வரப்போரக் கரணைக்கட்டுகளை ஒருமுறை பார்த்தார். இல்லை என்ற ஒரு சொல் போதும், நிலம் முழுதும் கரும்பு நிற்கும், மறுத்துரைக்க எவருமில்லை. வெற்றிலையைத் துப்பினார்.

“அந்தாண்டதான் வெச்சாரு. நான் பாத்தேன். எழுந்திரிங்கப்பா, அந்த ஆளுக்கு மூச்சு முட்டுது.”

சாட்சியும் ஆணையுமாகிய இவ்விரண்டையும் அருள்சாமி பிரெஞ்சில் பிழையறப் பெயர்த்தார். ஊதல் முழங்கிற்று.

அவ்வொரு பாயிண்டைக்கொண்டு களத்தை வென்ற காவலரை, தோல்வியுற்றும் வாகை சூடிய வேந்தரை, மாலுமிகளும் கைதட்டி வணங்கிய மாவீரரை, தாரை தப்பட்டையுடன் தோளில் ஏற்றி, சுத்துக்கேணி வீதிகளெங்கும் வலம்வரக் கருதிப் பதினான்கு வீரரும் கரம் நீட்டிக் குனிந்து வேண்டியபோது, அருள்சாமிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.