கடல் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தலையில் சுமந்து வந்து மந்தைவெளியில் மைக் செட் கடை போட்டேன். 'ஏபிசிடி தெரியாதவனுக்கு மைக் செட்டாம்' என்று சிரித்த தெருவிலேயே மாடி வீடு கட்டினேன். வடபழனியில் நான் பாட்டுப் போடாமல் தாலி ஏறாத காலம் ஒன்று இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று உயிருள்ள ஜனத்துக்கெல்லாம் சத்தம் கொடுத்தவன். ஆனால் செத்தவருக்காக என்னிடம் ஸ்பீக்கர் எடுத்த ஆள், இந்த மெட்ராஸ் பூராவிலும் கடல் பாஸ்டர் ஒருவர்தான்.

நிஜமான பாஸ்டர் இல்லை. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன்பாடி வண்டி மிதிப்பவர். நடுவயதில் ஞானஸ்நானம் எடுத்தவர். ஞாயிறு விடிந்தால் என் குழாய் ஸ்பீக்கரையும் பேட்டரியையும் வண்டியில் கட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவார். முதல் தடவை நானும் போனேன், பொருள் என்னுடையதாயிற்றே. மணலில் வாக்கிங் ஜனம் நெரிந்தது. மனிதர் அவர்களுக்கு முதுகைக் காட்டி, ஸ்பீக்கரைக் கடல் பக்கம் திருப்பி வைத்துப் பிரசங்கத்துக்கு மைக்கைப் பிடித்தார்.

"யோவ், ஜனம் இந்தாண்ட கீது" என்றேன்.

"அவுங்களுக்குச் சொல்ல ஆளு கீது நைனா. எங்கப்பனுக்குத்தான் யாரும் சொல்லல."

அப்பன் கட்டுமரத்தில் போய்த் திரும்பாதவர். உடம்புகூடக் கரை ஒதுங்கவில்லை. மாதா கோயில் மணி அவர் காதில் விழுந்திருக்கும். அது யாருக்காக அடிக்கிறது என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அந்த அப்பன் இப்போது எங்கே என்று மகன் தன் சபையில் கேட்டார். இயேசுவை அறியாமல் செத்தவனுக்கு நரகம்தான் என்றார் போதகர். அன்றே சபையை மாற்றினார். அடுத்த சபையில், அது ஆண்டவருக்குத்தான் தெரியும், நமக்கெதற்கு என்றார்கள். அதையும் மாற்றினார். கேள்விப்படாமலே மனசாட்சிப்படி வாழ்ந்தவரை ஆண்டவர் கைவிட மாட்டார் என்று நம்பலாம் என்றார் ஒரு ஃபாதர். அங்கேயாவது உட்கார்ந்தாரா?

"எங்கப்பன் சாராயம் குடிச்சிட்டு அம்மாவ அடிப்பாரு ஃபாதர். மனசாட்சிக்கு நான் எங்க போறது" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். மனிதர் சட்டையைக்கூட அத்தனை தடவை மாற்றியிருக்க மாட்டார்.

கடைசியில் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தை. சிலுவையில் இறந்த இயேசு, உயிர்த்தெழுவதற்கு முன்னால் பாதாளத்துக்கு இறங்கிப் போனாராம். ஜனமெல்லாம் கோயிலில் சேர்ந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது இதையும் சொல்வார்களாம்.

"சும்மா சுத்திப் பாக்கவா போயிருப்பாரு நைனா? செத்தவங்களாண்ட பேசத்தான போயிருப்பாரு. அப்ப அங்க இருக்கறவங்களுக்குக் காது கேக்குது."

வால்யூமைக் கூட்டி வைத்தேன்.

வஞ்சிரம் மனந்திரும்பிடுச்சா பாஸ்டரே என்று குப்பத்தில் கிண்டல் செய்வார்கள். வாக்கிங் ஜனம் காதைப் பொத்திக்கொண்டு போகும். அவர் அசைந்ததில்லை. நஷ்டம் எனக்குத்தான். நான் முருகனைக் கும்பிடுகிறவன். கேள்விப்படாதவனுக்கு ஏதோ சலுகை உண்டு என்று அந்த ஃபாதர் சொன்னாரே, அதுவும் போச்சு. வாராவாரம் என் ஸ்பீக்கரிலேயே முழுசாகக் கேட்டுத் தொலைத்தேன். "இனிமே நீ கேக்கலன்னு சொல்ல முடியாது நைனா" என்று அவரே ஒருநாள் வருத்தப்பட்டார்.

போன மழையில் காய்ச்சலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க போயி எங்கப்பன் இல்லன்னா இன்னா பண்றது நைனா? நான் மட்டும் அங்க குந்திக்கினு இன்னா பண்ணுவேன்?" என்றார். ஊருக்கெல்லாம் மைக் கொடுத்தவன், அவர் போர்வையைத்தான் இழுத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மீன்பாடி வண்டியை நானே தள்ளிக்கொண்டு போனேன். பிரசங்கம் எனக்கு வராது. கல்யாண மண்டபத்தில் காணாமல் போன குழந்தைக்கு அறிவிப்புக் கொடுத்த பழக்கம்தான் வந்தது. கடலைப் பார்த்து மைக்கைப் பிடித்தேன்.

"பெரியவரே, உங்க புள்ள உங்களத் தேடிக்கினு வந்துகினு கீறாரு. எங்க இருந்தாலும் கொஞ்சம் முன்னாடி வந்து நில்லுங்க."

அப்பனும் பிள்ளையும் சந்தித்திருந்தால், பெருமையை எந்தச் சபை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஸ்பீக்கர் என்னுடையது, கடைசி அறிவிப்பு என்னுடையது. அதை அங்கே ஆண்டவரிடம் யாராவது எடுத்துச் சொல்லியே ஆகவேண்டும். பாஸ்டர் சொல்லுவார். எனக்காகக் கத்துவதென்றால் அந்த மனிதருக்கு மைக்கே வேண்டாம்.